வீட்டுக்காரர் எழும்பச் சொன்னார்

புதிதாக வேலைக்குச் சேர்ந்திருக்கும் உங்களோடு கொஞ்ச நேரம் பேசச் சொல்லி என்னைக் கூப்பிட்டிருக்கிறார்கள். ஓய்வு பெற்றவளைப் பேசக் கூப்பிட்டால் என்ன நடக்கும் என்று உங்கள் மேலதிகாரிக்குத் தெரியவில்லை, பாவம். சட்டப் பிரிவுகளைப் பற்றி நான் வாயே திறக்கப் போவதில்லை. அவற்றையெல்லாம் நீங்கள் கரைத்துக் குடித்துவிட்டுத்தான் வந்திருப்பீர்கள். நான் படித்த சட்டத்தில் பாதி இப்போது மாறியும் விட்டது. நான் சொல்லப் போவது ஒரு வெள்ளிக்கிழமையைப் பற்றி. சம்பந்தப்பட்ட இரண்டு வீட்டாரிடமும் கேட்டுவிட்டுத்தான் சொல்கிறேன், பெயர்களையும் மாற்றியிருக்கிறேன். ஆகவே யாரும் முகத்தைச் சுளிக்க வேண்டாம்.

கொரோனாவின் முதல் வசந்தகாலம் அது. வசந்தம் என்று பெயர்தான், ஒஸ்லோவில் அந்த நாட்களில் பனி இன்னும் மூலை முடுக்கெல்லாம் அழுக்காகக் கிடக்கும். எங்கள் சமூக உதவி அலுவலகத்தின் கதவைப் பூட்டிவிட்டு எல்லாரையும் வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். ட்வெய்ட்டாவில் இருக்கிற என் வீட்டுச் சமையலறை மேசைதான் அலுவலகம். ஒரு பக்கம் கணினி, மறுபக்கம் சோறு வேகிறது. அதுவரை முகத்துக்கு முன்னால் உட்கார்ந்து கதைத்த சனம் எல்லாம் தொலைபேசிக் குரல்களாகிவிட்டார்கள். குரலை மட்டும் வைத்துக்கொண்டு ஒரு குடும்பத்துக்கு வீடு வேண்டுமா, சாப்பாட்டுக்கு உதவி வேண்டுமா, பொலிஸ் வேண்டுமா என்று முடிவெடுக்க வேண்டும். முகத்தைப் பார்க்காமல் இந்த வேலையைச் செய்வது எவ்வளவு பயங்கரம் என்று அப்போதுதான் விளங்கியது.

எங்கள் குழுவில் தமிழ் தெரிந்தவர்கள் இரண்டு பேர். நான் யாழ்ப்பாணம். பிரியா கோயம்புத்தூர். கணவரின் வேலையோடு நோர்வே வந்து, இங்கேயே சமூகப்பணி படித்து, நோர்வேக்காரரே திரும்பிப் பார்க்கும்படி அந்த மொழியைப் பேசுவாள். கெட்டிக்காரி, கொஞ்சம் அவசரக்காரி. நான் 'கதைக்கிறேன்' என்றால் அவள் சிரிப்பாள். அவள் 'பேசறேனுங்க' என்றால் நான் சிரிப்பேன். அந்த அளவுதான் எங்கள் தமிழ்ச் சண்டை என்று நினைத்துக்கொண்டிருந்தோம்.

அந்த வெள்ளிக்கிழமை காலை பிரியா எனக்கு அழைப்பெடுத்தாள். மூச்சு வாங்கியது அவளுக்கு.

"அக்கா, ஒரு அவசரம். ஒரு பொண்ணை அவ புருஷன் வீட்டை விட்டுப் போகச் சொல்றான். ரெண்டு குழந்தைங்க. நான் பெண்கள் பாதுகாப்பு இல்லத்துல இடம் பிடிச்சிட்டேன். அதைச் சொல்லலாம்னு போன் போட்டா அவனே எடுக்கறான் அக்கா! இப்ப என்ன பண்றது?"

"முதல்லை தண்ணி குடி," என்றேன். "பிறகு அந்தப் பிள்ளை என்ன சொன்னவ எண்டதை அவ சொன்னபடியே சொல்லு. உன்ரை தமிழிலை வேண்டாம், அவவின்ரை தமிழிலை சொல்லு."

பிரியாவுக்கு நல்ல ஞாபகசக்தி. அப்படியே ஒப்பித்தாள். அழைத்த பெண்ணின் பெயர் சுகந்தி. பியோர்ண்டாலில் இருக்கிறாள். எடுத்த எடுப்பில் சொன்னது இது:

"வீட்டுக்காரர் எழும்பச் சொல்லிப்போட்டார் பிள்ளை. ஞாயிற்றுக்கிழமைக்கு முன்னம்."

"உங்க வீட்டுக்காரரா?"

"ஓம், எங்கடை வீட்டுக்காரர்தான்."

"உங்களை அடிச்சாரா?"

"ஐயோ, என்ன கதை கதைக்கிறியள்! தங்கமான மனுசன். ஆறு வருசமா ஒருநாள் குரலை உயர்த்தினதில்லை. இப்ப கொரோனா எண்டு பயப்பிடுறார்."

"இப்ப அவர் வீட்ல இருக்காரா?"

"ஓம், மேலை இருக்கிறார்."

"குழந்தைங்க?"

"ரெண்டு பேரும் என்னோடை கீழை."

"வீடு யார் பேர்ல இருக்கு?"

"அவற்றை பேரிலைதான். வேற ஆற்றை பேரிலை இருக்கும்?"

நான் அடுப்பை அணைத்துவிட்டு நாற்காலியில் உட்கார்ந்து சிரித்தேன். கண்ணில் தண்ணீர் வரும்வரை சிரித்தேன். பிரியாவின் ஊரில் வீட்டுக்காரர் என்றால் கணவர். எங்கள் ஊரில் வீட்டுக்காரர் என்றால் வீட்டின் சொந்தக்காரர், வாடகைக்கு விட்டவர். எழும்பச் சொன்னார் என்றால் வீட்டைக் காலி செய்யச் சொன்னார் என்று அர்த்தம். சுகந்தி கணவன், பிள்ளைகளோடு கீழ்த்தள வீட்டில் வாடகைக்கு இருக்கிறாள். மேலே இருப்பவர் வீட்டுச் சொந்தக்காரர், அவரும் ஒரு தமிழர். பிரியா நினைத்தது போல மாடியில் ஒதுங்கியிருக்கிற கணவனும் இல்லை, அடிக்கிற புருஷனும் இல்லை. இதையெல்லாம் பிரியாவுக்கு விளக்கினேன்.

"அப்ப நான் போன்ல பேசினது..."

"அவவின்ரை மனுசனோடை."

"ஐயோ அக்கா! 'உங்களோட பேச முடியாது, உங்க மனைவியோட மட்டும்தான் பேசணும், அவங்களும் குழந்தைகளும் மட்டும் வந்தாப் போதும்'னு சொல்லி வெச்சிட்டேனே!"

என் சிரிப்பு அந்த இடத்திலேயே நின்றுவிட்டது. இந்த நாட்டில் ஒரு தமிழ்த் தகப்பனிடம், அலுவலகத்தில் இருந்து அழைத்து, தாயும் பிள்ளைகளும் மட்டும் வந்தால் போதும் என்று சொன்னால் அவர் என்ன நினைப்பார்? பிள்ளைகளைப் பிடுங்கிக்கொண்டு போகப் போகிறார்கள் என்றுதான் நினைப்பார். எங்கள் சனத்துக்கு வைரஸைவிட அந்தப் பயம் பெரிது. பிரியாவை நான் திட்டவில்லை. உண்மையிலேயே அடிவாங்குகிற ஒருத்தி அழைத்திருந்தால் அவள் செய்தது அத்தனையும் சரி, அதுவும் மின்னல் வேகத்தில். ஆனால் ஒரு பிரச்சினைக்குப் பெயர் வைத்துவிட்டால் பிறகு காதில் விழுவதெல்லாம் அந்தப் பெயருக்குத் தோதாகவே விழும். அதைக் கவனியுங்கள் பிள்ளைகளே. 'தங்கமான மனுசன்' என்று சுகந்தி சொன்னதைக்கூட, பயந்துபோன மனைவி கணவனைக் காப்பாற்றப் பார்க்கிறாள் என்றுதான் பிரியா எடுத்துக்கொண்டாள்.

குழுத்தலைவருக்கு உடனே அறிவித்தேன். அவர் நோர்வேக்காரர், நேர்மையான மனிதர், சட்டம் என்றால் உயிர். விஷயத்தைக் கேட்டதும் அவருக்கு ஒரே நிம்மதி.

"அப்படியென்றால் சுலபம்தானே. எழுத்தில் ஒப்பந்தம் இல்லாவிட்டாலும் வாய்ப்பேச்சு ஒப்பந்தமும் செல்லும். நினைத்த நேரத்தில் யாரையும் வெளியே அனுப்ப முடியாது. வீட்டுச் சொந்தக்காரருக்கு இன்றைக்கே ஒரு கடிதம் அனுப்பு. மூன்று மணிக்குப் பிறகு திங்கள் வரை என்னைப் பிடிக்க முடியாது."

சரியான யோசனைதான். நானும் அப்படி எத்தனையோ கடிதங்கள் அனுப்பியிருக்கிறேன். அவற்றால் எத்தனையோ குடும்பங்கள் தெருவுக்கு வராமல் தப்பியிருக்கின்றன. ஆனால் அன்றைக்குக் கை போகவில்லை. 'தங்கமான மனுசன்' என்ற அந்தச் சொல் எனக்குத் தொண்டையில் மீன்முள் மாதிரி நின்றது. வீட்டை விட்டுப் போ என்று சொன்னவரைத் தங்கமான மனுசன் என்று எவள் சொல்வாள்? அப்படி எழுப்பப்பட்டவர்கள் வாயில் வருகிற வசவு எனக்குத் தெரியாதா? அதுவும் ஆறு வருடம் சத்தம் சந்தடி இல்லாமல் இருந்த மனிதர் திடீரென்று ஒரு கிழமைக்குள் எழும்பச் சொன்னால் உள்ளே ஏதோ இருக்கிறது. கடிதம் போய்ச் சேர்ந்த பிறகு அதைத் திருப்பி எடுக்க முடியாது. மேலும் கீழும் இருக்கிற இரண்டு குடும்பமும் பிறகு ஒரே வாசலால்தான் போய்வர வேண்டும்.

"எனக்கு ஒரு மணித்தியாலம் கொடு," என்று குழுத்தலைவரிடம் கேட்டேன். நோர்வே மொழியில் மேலதிகாரியும் 'நீ'தான். முணுமுணுத்துக்கொண்டு தந்தார்.

சுகந்தியின் இலக்கத்துக்கு அழைத்தேன். கணவர்தான் எடுத்தார். முதியோர் இல்லம் ஒன்றில் பராமரிப்பாளர் வேலை, இரவு வேலை முடித்து வந்தவர். குரல் செத்துப்போய் இருந்தது.

"தங்கச்சி, நான் என்ன பிழை செய்தனான்? ஏன் என்ரை பிள்ளையளைக் கேக்கிறியள்?"

"அண்ணை, ஒருத்தரும் உங்கடை பிள்ளையளைக் கேக்கேல்லை. கொஞ்சம் பொறுமையாக் கேளுங்கோ," என்று சொல்லி, இந்தியத் தமிழில் வீட்டுக்காரர் என்றால் யார் என்று விளங்கப்படுத்தினேன். 'வீட்டுக்காரர்' என்று அவர் தனக்குள் ஒருதரம் சொல்லிப் பார்த்தார். பிறகு ஒரு சிரிப்பு வெடித்தது பாருங்கள், அழுகையும் அதற்குள் இருந்தது.

"சொந்தமா ஒரு கதவுகூட இல்லாத நான் வீட்டுக்காரரோ! சுகந்தி, இஞ்சை வா, நான்தானாம் வீட்டுக்காரர்!"

சுகந்தி வந்து தொலைபேசியை வாங்கினாள். நிலைமையைக் கேட்டேன். அவள் ஒரு ஹோட்டலில் அறைகள் துப்புரவாக்குகிறவள். ஹோட்டல் வெறுமையாகி அவளைப் 'பெர்மித்தேர்ட்' ஆக்கிவிட்டார்கள். அதாவது, வேலையை விட்டு நிறுத்தவும் இல்லை, வேலைக்கு வரவும் வேண்டாம், சம்பளமும் இல்லை. அரசாங்கப் பணம் எப்போது வரும் என்று ஒருவருக்கும் தெரியாது. கணவரின் முதியோர் இல்லத்தில் தொற்று வந்துவிட்டது, ஆனாலும் அவர் போயே ஆகவேண்டும். அங்கே ஆள் போதாது, வீட்டில் வருகிற ஒரே சம்பளமும் அதுதான். எல்லாம் எழுதிக்கொண்டேன். பிறகு எனக்குத் தொண்டையில் நின்ற கேள்வியைக் கேட்டேன்.

"சுகந்தி, சட்டப்படி அவர் உங்களை இப்பிடி எழுப்ப ஏலாது. நாங்கள் ஒரு கடிதம் போட்டால் காணும். அதையோ விரும்பிறியள்?"

"கொஞ்சம் பொறுங்கோ அக்கா," என்றாள். கதவு திறந்து மூடுகிற சத்தம் கேட்டது. வெளியே வந்துவிட்டாள் போல, காற்று இரைந்தது.

"அக்கா, கடிதம் கிடிதம் ஒண்டும் போட்டிடாதேங்கோ. இது என்ரை மனுசனுக்கும் தெரியாது. மேலை இருக்கிற அக்காவுக்கு, வீட்டுக்காரற்றை மனுசிக்கு, வருத்தம். அந்த வருத்தம்."

எங்கள் பேச்சில் வருத்தம் என்றால் நோய். அதிலும் 'அந்த வருத்தம்' என்று குரலைத் தாழ்த்திச் சொன்னால் அது எது என்று எல்லாருக்கும் தெரியும், கொரோனா அல்ல. பெயரைச் சொல்லமாட்டோம், சொன்னால் நமக்கும் ஒட்டிக்கொள்ளும் என்பது போல. பிரியாவாக இருந்திருந்தால் மாடி வீட்டு அம்மா ஏதோ கவலையில் இருக்கிறார் என்று எழுதியிருப்பாள்.

"உங்களுக்கு எப்பிடித் தெரியும்? அவை சொன்னவையோ?"

"இல்லை. ரெண்டு வீட்டுக்கும் ஒரே வாசிங் மெசின். அது கீழை எங்கடை பக்கம் இருக்கு. முந்தி அக்காதான் வந்து உடுப்புப் போடுறவ. பிறகு அண்ணை கொண்டுவந்து போடத் தொடங்கினார். மெசினுக்கை ஒரே தலைமயிர். ஒருநாள் கட்டியா இழுத்தெடுத்தனான். அண்டைக்கே எனக்கு விளங்கியிட்டுது. அவை மறைக்கினம், நானும் கேக்கேல்லை. இப்ப இவர் அந்த இல்லத்திலை இருந்து வந்து அதே வாசல் கதவைப் பிடிக்கிறார், அதே கைப்பிடி. அவ ஆஸ்பத்திரியிலை மருந்து ஏத்திப்போட்டு, உடம்பிலை எதிர்ப்புச் சக்தி இல்லாமல் வந்து அதே கைப்பிடியைப் பிடிக்கிறா. அண்ணை வந்து எழும்பச் சொல்லேக்கை ஒரு காரணமும் சொல்லேல்லை. நிலத்தைப் பாத்துக்கொண்டு நிண்டவர். எனக்கு அவரைப் பாக்கப் பாவமாக் கிடந்தது."

"அப்ப நீங்கள் எங்களுக்கு ஏன் எடுத்தனீங்கள்?"

"போறதுக்கு ஒரு இடம் கேட்டுத்தான் அக்கா! எழும்பமாட்டம் எண்டு நான் எப்ப சொன்னனான்? ஞாயிறு மட்டும் பாத்துக்கொண்டிருக்க எனக்குப் பயமாக் கிடக்கு. அவவுக்கு எங்களாலை ஏதும் நடந்தால் நான் பிறகு எப்பிடிப் படுத்து நித்திரை கொள்ளுறது? இண்டைக்கே போக ஒரு இடம் தாங்கோ. நாலு பேரும் ஒண்டா இருக்கிற மாதிரி. திரும்பி வாறதுக்கு வீடும் இருக்கோணும்."

நாங்கள் மூன்று அதிகாரிகள் ஒரு காலைப் பொழுது முழுக்க மூளையைக் கசக்கினோம். ஒருத்தி அவளைக் கணவனிடமிருந்து காப்பாற்றப் பார்த்தாள், ஒருவர் வீட்டுச் சொந்தக்காரரிடமிருந்து காப்பாற்றப் பார்த்தார். அவளோ மாடியில் இருக்கிறவளைத் தன்னிடமிருந்து காப்பாற்றத்தான் அழைத்திருக்கிறாள். எவ்வளவு நல்ல மனம் அது! அப்படியொரு குரலைக் கேட்கிற நாளில்தான் இந்த வேலையைச் செய்ததற்கு ஒரு அர்த்தம் இருக்கிறது என்று தோன்றும்.

ஆனால் மனம் உருகினால் அறை கிடைக்காது. சட்டப்படி இருக்க வீடு உள்ளவர்களுக்குத் தற்காலிக இடம் கொடுக்க வழியில்லை. கொடுக்க வேண்டுமென்றால் காரணம் சொல்ல வேண்டும். காரணமோ இன்னொரு வீட்டின் இரகசியம், அந்த வீட்டார் வாயால் எனக்குச் சொல்லாதது. அதை எங்கள் கோப்பில் எழுத எனக்கு எந்த உரிமையும் இல்லை. குழுத்தலைவரை மறுபடி அழைத்தேன்.

"கடிதம் வேண்டாம். இன்றைக்கே நாலு பேருக்கு அறை வேண்டும். நகரசபை எடுத்து வைத்திருக்கிற ஹோட்டல்கள் வெறுமையாகக் கிடக்கின்றன. இந்த வீட்டு வாடகையையும் நாங்கள் கட்ட வேண்டும், அவர்கள் திரும்பி வரவேண்டும்."

"ஒரு குடும்பத்துக்கு இரண்டு வீட்டுச் செலவா? காரணம்?"

"கணவர் தொற்றுள்ள இடத்தில் வேலை செய்கிறார், வாசல் பொதுவானது. இதை எழுதுவேன். இதற்கு மேல் ஒரு காரணம் இருக்கிறது. அது மூன்றாவது ஆள் ஒருவரின் உடம்பு சம்பந்தப்பட்டது. உன்னிடம்கூடச் சொல்ல முடியாது."

திரையில் அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"நான் கேட்டால் சொல்வாயா?"

"மாட்டேன்."

"அப்படியென்றால் கேட்கவில்லை. எழுதி அனுப்பு, கையெழுத்துப் போடுகிறேன்."

இப்படி ஒரு மேலதிகாரி உங்களுக்கும் வாய்க்கட்டும். ஆனால் ஒன்று. சொல்ல முடியாது என்று நீங்கள் சொல்லும்போது அவர் நம்ப வேண்டுமென்றால், அதற்கு முன்னால் சொல்லக்கூடியவற்றையெல்லாம் ஒளிக்காமல் சொல்லியிருக்க வேண்டும். அந்த நம்பிக்கையைப் பிரச்சினை வந்த பிறகு சம்பாதிக்க நேரம் இருக்காது.

அடுத்தது வீட்டுச் சொந்தக்காரர். அலுவலகம் என்றதும் மனிதர் பதறிப்போனார்.

"நான் சட்டத்துக்கு மாறா ஒண்டும் செய்யேல்லை. எனக்கு வேற வழி இல்லாமல்..."

"அண்ணை, சட்டம் கதைக்க நான் எடுக்கேல்லை. கீழ் வீட்டு ஆக்கள் இண்டைக்குப் பின்னேரமே வெளிக்கிடுகினம். வாடகை வந்துகொண்டிருக்கும். வேற ஆருக்கும் வீட்டைக் குடுத்திடாதேங்கோ. இந்தக் கிருமியின்ரை ஆட்டம் அடங்க அவை திரும்பி வருவினம்."

"இண்டைக்கேயோ? ஏன் எண்டு அவை கேக்கேல்லையோ?"

"அவை என்ன கதைச்சவை எண்டு நான் சொல்ல ஏலாது அண்ணை. நீங்களும் எனக்கு ஒண்டும் சொல்லத் தேவையில்லை."

"சரி தங்கச்சி," என்று வைத்துவிட்டார்.

பிரியாவே சுகந்தியின் கணவரை அழைத்து மன்னிப்புக் கேட்டாள். நான் கேட்கச் சொல்லவில்லை. "அதுக்கென்ன பிள்ளை, கொஞ்ச நேரம் என்னை வீட்டுக்காரராக்கினீங்கள்," என்றாராம். பாதுகாப்பு இல்லத்து இடத்தையும் அவளே திருப்பிக் கொடுத்தாள். வேறு ஒருத்திக்கு அன்றைக்கு அது உண்மையிலேயே தேவைப்பட்டிருக்கும்.

பின்னேரம் காரை எடுத்துக்கொண்டு பியோர்ண்டாலுக்குப் போனேன். போக வேண்டிய அவசியமில்லை, எல்லாம் கணினியிலேயே முடிந்திருந்தது. ஹோட்டலுக்கு வழி காட்டுகிறேன் என்று எனக்கு நானே ஒரு சாட்டுச் சொல்லிக்கொண்டேன். உண்மையைச் சொன்னால், காலையில் இருந்து குரலாக மட்டும் கேட்டவளை ஒருமுறை கண்ணால் பார்க்க வேண்டும் போல் இருந்தது.

வீட்டு முன்றலில் அவர்களின் பழைய கார் நின்றது. கணவர் பெட்டிகளை அடுக்கினார். மனிதரின் முகம் இறுகிப்போய் இருந்தது. எழும்பச் சொன்ன கோபம் அவருக்கு இன்னும் ஆறவில்லை, காரணம்தான் அவருக்குத் தெரியாதே. மாடியை நிமிர்ந்தும் பார்க்கவில்லை. பிள்ளைகள் இரண்டும் ஹோட்டலுக்குப் போகிற சந்தோசத்தில் குதித்தன. சுகந்தி நான் நினைத்ததைவிடச் சின்னப் பெண். உள்ளே ஓடிப்போய் வாசல் கதவின் கைப்பிடியைத் துணியால் துடைத்தாள். மறுபடியும் துடைத்தாள். அதைப் பார்த்துக் கணவர் எரிந்து விழுந்தார்.

"எழுப்பிவிடுற ஆக்களுக்கு நீர் ஏன் கதவு துடைக்கிறீர்?"

அவள் துணியைப் பையில் போட்டுக் கட்டிக்கொண்டு காரை நோக்கி வந்தாள். அப்போதுதான் மாடி யன்னல் திறந்தது.

ஒரு பெண் எட்டிப் பார்த்தார். நடுத்தர வயது, கம்பளிச் சால்வை போர்த்தியிருந்தார். தலையில் ஒரு முடிகூட இல்லை. மறைக்க எதையும் கட்டியிருக்கவும் இல்லை. பின்னால் அவருடைய கணவர் நின்று, வேண்டாம் என்பது போல் தோளைப் பிடித்தார். அந்த அம்மா கணவரின் கையைத் தட்டிவிட்டார்.

"சுகந்தி," என்று கூப்பிட்டார். குரல் மெலிந்து இருந்தது, ஆனால் முன்றல் முழுக்கக் கேட்டது. "எனக்குக் கான்சர் பிள்ளை. அதுதான் இவர் உங்களை எழும்பச் சொன்னவர். சொல்ல வெக்கப்பட்டுப்போட்டம். எங்களைக் கோவியாதேங்கோ."

சுகந்தியின் கணவர் பெட்டியைக் கையில் பிடித்தபடியே நின்றுவிட்டார். சுகந்தி நிமிர்ந்து பார்த்தாள். கண்ணீர் அவளுக்குத் தாரைதாரையாக ஓடியது. ஆனால் வாயில் வந்தது அதட்டல்தான்.

"ஐயோ அக்கா, இந்தக் குளிருக்கை வெறுந்தலையோடை நிண்டு என்ன கதை! முதல்லை அந்த யன்னலைச் சாத்துங்கோ!"